பத்தாயிரம் வரம்பில் வெற்றி, 28 லட்சம் வரம்பில் தோல்வி: தேவிகுளம் 2015–16

2015 நவம்பரில் கேரள உள்ளாட்சித் தேர்தல் முடிவு வந்தபோது, தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்தின் நல்லதண்ணி டிவிசனில் மார்க்சிஸ்ட் தலைமையிலான இடது முன்னணியும் காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய முன்னணியும் தோற்றிருந்தன. ஜெயித்தவர் கோமதி, தேயிலைத் தோட்டத் தொழிலாளி. அவர் பின்னால் இருந்தது தோட்டப் பெண்களின் இயக்கமான, இரண்டு மாத வயதுள்ள ‘பெம்பிளை ஒருமை’. மூணாறு பஞ்சாயத்திலும் அந்த இயக்கத்துக்கு வார்டுகள் கிடைத்தன. ஆறு மாதம் கழித்து, 2016 மே 16 அன்று சட்டமன்றத் தேர்தல். அதே இயக்கம் தேவிகுளம் தொகுதியில் ராஜேஸ்வரியை நிறுத்தியது. கிடைத்த வாக்கு 650.

இந்தச் சரிவுக்கு மலையில் சொல்லப்படும் காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. போராட்டச் சூடு ஆறிவிட்டது, தலைவிகளுக்குள் ஒத்துப்போகவில்லை, லிசி சன்னி ஒரு பக்கமும் கோமதி இன்னொரு பக்கமும் போனார்கள், தொழிற்சங்கங்கள் ஆட்களைத் திரும்ப இழுத்துக்கொண்டன. எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆறு மாதத்துக்குள் பெண்கள் மாறியதைவிட அவர்கள் இறங்கிய களத்தின் அளவு மாறியது அதிகம். ஒரு களத்தில் வேட்பாளர் செலவு வரம்பு 10 ஆயிரம், 30 ஆயிரம். இன்னொன்றில் 28 லட்சம். இரண்டே முன்னணிகள் மாறி மாறி ஆளும் மாநிலத்தில் மூன்றாவதாக வரும் சின்னக் கட்சிக்குப் பணம் எங்கே, எப்படி முட்டுக்கட்டையாகிறது என்று பார்க்க இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரிந்து இந்தத் தமிழக–கேரள எல்லைப் பகுதியில் இல்லை. இயக்கம் ஒன்று, மலை ஒன்று, ஓட்டுப் போட்டவர்களிலும் பெரும்பகுதி அதே ஆட்கள்.

முதலில் போராட்டம், சுருக்கமாக. 2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் தோட்டங்களில் போனஸ் 10 சதவீதம் என்று அறிவிப்பு வந்தது. கேட்டது 20. அப்போது நாள் கூலி 232 ரூபாய். ஆயிரக்கணக்கான பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு மூணாறு டவுனில் உட்கார்ந்தார்கள். சிஐடியு, ஏஐடியுசி, ஐஎன்டியுசி என்ற மூன்று தொழிற்சங்கங்களையும் பக்கத்தில் சேர்க்கவில்லை. அந்தத் தொகுதி எம்எல்ஏ எஸ். ராஜேந்திரன் வந்தபோது விரட்டினார்கள். அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் வந்தபோது மட்டும் உட்காரவைத்தார்கள். ஒன்பதாம் நாள், செப்டம்பர் 13 அன்று, 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை என்று கூட்டி 20 ஆக்கி முடித்தார்கள். அடுத்த மாதம் நடந்த கூலிப் பேச்சில் 232 என்பது 301 ஆனது. நவம்பர் 2 அன்று இடுக்கியில் உள்ளாட்சி வாக்குப்பதிவு. போராட்டம் முடிந்து ஏழு வாரம்தான்.

வார்டு என்பது நடந்தே முடிகிற தூரம்

2015இல் கேரளத்தில் கிராமப் பஞ்சாயத்து வேட்பாளர் செலவு வரம்பு 10 ஆயிரம் ரூபாய், பிளாக் பஞ்சாயத்துக்கு 30 ஆயிரம், மாவட்டப் பஞ்சாயத்துக்கு 60 ஆயிரம். 2020இல் இவை 25 ஆயிரம், 75 ஆயிரம், ஒன்றரை லட்சம் என்று உயர்ந்தன. எஸ்டேட்டில் ஒரு வார்டு என்றால் சில லயங்கள் (தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள்), வருகை பதியும் ஒரு மஸ்டர் ஆபீஸ், ஒரு கடை, ஒரு கோயில், ஒரு சர்ச். வேலை முடிந்து சாயங்காலம் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நாலு பேர் கிளம்பினால் இருட்டுவதற்குள் ஒரு லயனை முடித்துவிடலாம். அறிமுக நோட்டீஸ்கூட அவசியமில்லை. வேட்பாளரை எல்லோருக்கும் தெரியும், செப்டம்பரில் அவர் பக்கத்திலேயே ரோட்டில் உட்கார்ந்தவர்கள்தான் ஓட்டுப் போடப்போகிறவர்கள்.

எதிரில் இருந்த முன்னணிகளிடம் பணம் இருந்தது. ஆனால் அந்த அளவில் பணம் போய்ச் சேர இடமில்லை. ஒரு லயனுக்கு எத்தனை ஃபிளெக்ஸ் கட்டுவது? வெளியூர்த் தலைவரைக் கூட்டிவந்து ஒரு டிவிசனில் பேசவைத்தால், வந்த ஜீப்பைப் பார்த்தே பெண்கள் ‘இப்பத்தான் வழி தெரிஞ்சுதா’ என்று கேட்டிருப்பார்கள். தோட்டங்களில் சங்கச் சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துக் கொடுப்பது வெகுநாள் வழக்கம். அந்தச் சந்தாவும் சங்க அலுவலகமும் சங்க ஆட்களும்தான் மலையில் முன்னணிகளின் உண்மையான தேர்தல் முதலீடு. 2015 செப்டம்பர் அடித்தது அந்த முதலீட்டின் மேல்தான். ஏழு வாரத்தில் அதைச் சரிசெய்ய யாராலும் முடியவில்லை.

இந்த மலைக்குப் பணமில்லாத பிரசாரம் புதிதும் அல்ல. 1958 இடைத்தேர்தலில் இதே தேவிகுளத்தில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் வந்து எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடினார். தமிழ்த் தொழிலாளியைத் தமிழ்ப் பாட்டு சேர்ந்தது, ரோசம்மா ஜெயித்தார். கூடவே ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: அந்தப் பாட்டுக்குப் பின்னால் மாநிலத்தை ஆண்டுகொண்டிருந்த ஒரு கட்சி இருந்தது.

தொகுதி என்பது வேறு கணக்கு

தேவிகுளம் சட்டமன்றத் தொகுதியை வெளியூர்க்காரர்கள் மூணாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். மறையூர், காந்தளூர், வட்டவடை, சின்னக்கானல் எல்லாம் சேர்ந்தது அது. கீழே இறங்கினால் அடிமாலி, வெள்ளத்தூவல், பைசன்வேலி, மாங்குளம் என்று மலையாள விவசாயிகள் குடியிருக்கும் ஊர்கள். காட்டுக்குள் இடமலைக்குடி, கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து. மூணாறிலிருந்து மறையூர் ஒரு திசையில் 40 கிலோமீட்டர், அடிமாலி எதிர்த் திசையில் 30. ஏலக்காய், மிளகு, பட்டா, காட்டு யானை என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் வேறு வேறு கவலை. தோட்டத்துப் போனஸ் விவகாரம் அடிமாலிக்காரர் டிவியில் பார்த்த செய்தி, அவ்வளவுதான்.

இங்கே நடந்து போய் ஓட்டுக் கேட்க முடியாது. ஜீப் வேண்டும், ஜீப்புக்கு டீசல் வேண்டும், மைக் செட், இரண்டு மொழியில் நோட்டீஸ் வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகளில் ஒவ்வொன்றிலும் ஏஜென்ட்டாக உட்கார ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு அன்றைய கூலி போகும், சாப்பாடு வேண்டும். சட்டம் அனுமதித்த உச்ச வரம்பு 28 லட்சம். 301 ரூபாய் நாள் கூலியில் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 9,300 ஆள் நாள் உழைப்பு. யாரும் அதில் ஒரு பைசா வீட்டுக்குக் கொண்டுபோகாமல் உண்டியலில் போட்டால்தான் வரம்பைத் தொடலாம். தனித்தொகுதி என்பதால் டெபாசிட் 5,000 ரூபாயோடு நின்றது. அதுவே ஒரு பெண்ணின் 17 நாள் கூலி.

முடிவைப் பார்ப்போம். மார்க்சிஸ்ட் கட்சியின் ராஜேந்திரன், போன செப்டம்பரில் விரட்டப்பட்ட அதே ராஜேந்திரன், காங்கிரஸின் ஏ.கே. மணியை 5,782 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மூன்றாம் இடத்துக்கு வந்த அதிமுக 11 ஆயிரத்துக்கு மேல் வாங்கியது, அதாவது வெற்றி வித்தியாசத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆறில் ஒரு பங்கு வாக்கு தேவை என்பதால் அவர்களுக்கும் டெபாசிட் திரும்பவில்லை.

அதிமுகவின் 11 ஆயிரத்தையும் பெம்பிளை ஒருமையின் 650ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். இரண்டுமே தமிழ் ஓட்டை நம்பியவை, இரண்டுமே முன்னணிகளுக்கு வெளியே நின்றவை. தோட்டத் தொழிலாளிக்காகத் தெருவில் உட்கார்ந்தது எது என்று கேட்டால் பதில் சந்தேகமில்லாமல் 650. ஆனால் அதிமுகவுக்கு மலைக்குக் கீழே ஒரு மாநில ஆட்சி இருந்தது. அதே நாளில் பக்கத்துப் போடிநாயக்கனூரில் ஓ. பன்னீர்செல்வம் நின்றார். கொடி, கரைவேட்டி, பாட்டு, படம் எதையும் மூணாறில் புதிதாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வேட்பாளர் கணக்கில் வராத முதலீடு என்பது இதுதான். போடிமெட்டு செக்போஸ்ட்டில் இதை யாரும் நிறுத்திச் சோதனை போட முடியாது.

மூன்று நிறப் பதிவேடு

செலவு வரம்பு பணக்காரரையும் ஏழையையும் ஒரே கோட்டில் நிறுத்தும் என்பது பொதுவான நம்பிக்கை. நடைமுறையில் அதன் பாரம் யார் தலையில் விழுகிறது என்று பார்க்க, வேட்பாளர் கையில் தரப்படும் செலவுப் பதிவேட்டைப் புரட்டினால் போதும்.

வெள்ளைத் தாளில் அன்றாடச் செலவு. இளஞ்சிவப்புத் தாளில் ரொக்கம். மஞ்சள் தாளில் வங்கிக் கணக்கு. தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு, அதையும் மனு கொடுப்பதற்கு முன்பே திறக்கவேண்டும். நாற்காலி, பந்தல், மைக், ஜீப் வாடகை, டீ என்று ஒவ்வொன்றுக்கும் மாவட்டத் தேர்தல் அதிகாரி விலைப் பட்டியல் வைத்திருப்பார். சொந்தக்காரர் ஜீப்பைச் சும்மா கொடுத்தாலும் பட்டியல் வாடகையில்தான் எழுதவேண்டும். பிரசாரக் காலத்தில் குறைந்தது மூன்று தடவை பதிவேட்டைச் செலவுப் பார்வையாளர் முன்னால் காட்டவேண்டும். அவர்களிடம் நிழல் பதிவேடு என்று இன்னொன்று இருக்கும். நீங்கள் விட்டது அதில் இருந்தால் நோட்டீஸ். முடிவு வந்து 30 நாளுக்குள் மொத்தக் கணக்கையும் பில்லோடு தரவேண்டும். தராவிட்டால் மூன்று வருஷம் வரை போட்டியிடத் தடை வரலாம்.

முன்னணி வேட்பாளர் இந்த நோட்டைத் தொடவே மாட்டார். கணக்குத் தெரிந்த ஒரு கட்சி ஊழியர் அதற்கென்றே இருப்பார், அவருக்கு இது நாலாவது தேர்தலோ ஐந்தாவதோ. தோட்டத்திலிருந்து வந்த பெண்ணுக்கு? மனு, பதிவேடு, வங்கி, பார்வையாளர் எல்லாவற்றுக்கும் அவரே போகவேண்டும், போகிற ஒவ்வொரு நாளும் கூலி இல்லை.

இத்தனை கெடுபிடியும் வேட்பாளரின் செலவுக்குத்தான். கட்சியின் செலவுக்கு வரம்பே கிடையாது. 1974 அக்டோபரில் கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்சி செய்யும் செலவும் வேட்பாளர் கணக்கில் சேரவேண்டும் என்றது. அந்த வருஷமே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77ஆவது பிரிவில் ஒரு விளக்கத்தைச் சேர்த்துத் தீர்ப்பைச் செல்லாமல் ஆக்கினார்கள். 2003இல் அதைக் கொஞ்சம் இறுக்கினாலும், நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவு இன்றுவரை வேட்பாளர் கணக்குக்கு வெளியேதான். அங்கீகாரம் பெற்ற கட்சிக்கு அப்படி 40 பேர், அங்கீகாரம் இல்லாத பதிவுக் கட்சிக்கு 20 பேர். சுயேச்சைக்கு யாரும் இல்லை. வேட்பாளர் மேடையேறினாலோ படமும் பெயரும் போட்டாலோ பொதுக்கூட்டச் செலவில் பங்கு அவர் தலையில் விழும். அதனால்தான் சில பெரிய கூட்டங்களில் உள்ளூர் வேட்பாளரைத் தேடவேண்டியிருக்கிறது.

இன்னொன்று: கணக்கு தொடங்குவது மனு கொடுக்கிற நாளில். அதற்கு முந்தைய நாலேமுக்கால் வருஷம் சங்க அலுவலகம் நடத்தியது, மே தின ஊர்வலம் போனது, கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஆள் அனுப்பியது எதுவும் தேர்தல் செலவில் வராது. வரவும் கூடாது, அரசியல் என்பதே அதுதான். ஆனால் எட்டு மாதத்துக்கு முன் பிறந்த இயக்கத்துக்கும் அறுபது வருஷச் சங்கத்துக்கும் ஒரே 28 லட்சம் என்று சொல்லிவிட்டு அதைச் சமநிலை என்று சொல்வதுதான் வேடிக்கை.

சட்டம் யாருக்கு என்ன கொடுக்கிறது

பெம்பிளை ஒருமையின் வேட்பாளர் சட்டத்தின் கண்ணில் சுயேச்சை. அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு முன்மொழிய ஒருவர் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர். அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு வாக்காளர் பட்டியல் இலவசம், தூர்தர்ஷனிலும் வானொலியிலும் இலவச நேரம். வாக்குச்சீட்டில் முதலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், அப்புறம் பதிவுக் கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். சின்னமும் மனு வாபஸ் முடிந்த பிறகுதான் உறுதியாகும், அதை எழுத்துத் தெரியாத பாட்டிக்குப் பதியவைக்க இரண்டு வாரம் இருந்தால் அதிகம்.

பணம் கொடுப்பவர் பக்கமும் அப்படித்தான். பதிவு பெற்ற கட்சிக்கு ஒருவர் நன்கொடை தந்தால் வருமான வரியில் முழுக் கழிவு உண்டு. சுயேச்சைக்குத் தந்தால் இல்லை. கட்சியாகப் பதிய வாக்காளர்களாக உள்ள 100 உறுப்பினர்களும் 10 ஆயிரம் ரூபாய் கட்டணமும் வேண்டும். அது மலையில் திரட்ட முடியாததல்ல, ஆனால் ஆண்டுதோறும் தணிக்கைக் கணக்கு, நன்கொடை அறிக்கை என்று பின்னால் வருவதற்கு ஒரு அலுவலகம் வேண்டும். ஆறு வருஷம் எந்தத் தேர்தலிலும் நிற்காத கட்சிகள் என்று 2025 ஆகஸ்டில் 334, செப்டம்பரில் 474 கட்சிகளைத் தேர்தல் ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கியது. வரிச் சலுகைக்காகவே நடத்தப்பட்ட லெட்டர்பேடு கட்சிகளைக் களையெடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு தேர்தலில் அடிபட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் நிஜமான சின்ன இயக்கத்தையும் அதே அரிவாள் வெட்டும் என்பதும் உண்மை.

பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்திலும் வாசல் இருந்தது. கடைசிப் பொதுத்தேர்தலில் குறைந்தது ஒரு சதவீத வாக்கு வாங்கிய பதிவுக் கட்சிக்குத்தான் பத்திரம் பெறும் தகுதி. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் மொத்தத் திட்டத்தையும் ரத்து செய்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் மார்க்சிஸ்ட் கட்சியும் உண்டு, அது பத்திரம் வாங்கவும் இல்லை. கேரளத்தில் அந்தக் கட்சிக்குப் பக்கெட் வசூல் என்ற பழைய வழி இருக்கிறது. 20 ஆயிரத்துக்குக் கீழே கொடுத்தவர் பெயரை வெளியிடவேண்டியதில்லை என்பது பக்கெட்டுக்கும் பொருந்தும். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஒரே நாளில் மாநிலம் முழுக்க இறங்க ஆட்கள் வேண்டும், அவ்வளவுதான்.

தப்பிப் பிழைத்த மூன்று வகை

கேரளத்தில் முன்னணிக்கு வெளியே பிறந்து சட்டமன்றம் வரை போனவர்களும், போக முடியாமல் நின்றவர்களும் இருக்கிறார்கள். மூன்றை எடுத்துக்கொள்ளலாம்.

வடகரையில், மார்க்சிஸ்ட் கட்சியிலிருந்து பிரிந்த ஆர்எம்பியின் கே.கே. ரமா 2016இல் தனியாக நின்று இருபதாயிரம் சொச்சம் வாக்கு வாங்கித் தோற்றார். 2021இல் ஐக்கிய முன்னணி ஆதரவோடு நின்று 7,491 வாக்கில் ஜெயித்தார். கட்சியும் வேட்பாளரும் மாறவில்லை, ரமாவின் கணவரும் ஆர்எம்பியைத் தொடங்கியவருமான டி.பி. சந்திரசேகரனின் கொலை பற்றி ஊருக்குத் தெரிந்ததும் மாறவில்லை. முன்னணி கூட வந்தது, அதோடு பூத் ஏஜென்ட்டும் ஜீப்பும் நோட்டீஸும் வந்தன. கேரளத்துச் சின்னக் கட்சிகள் பெரும்பாலும் பிழைப்பது இப்படித்தான். ஒரே எம்எல்ஏ உள்ள கட்சிகூட முன்னணிக்குள் இருந்தால் மந்திரி பதவி வரை போகலாம்.

பூஞ்ஞாறில் பி.சி. ஜார்ஜ் 2016இல் எல்லா முன்னணியையும் எதிர்த்துத் தனியாக நின்று 27,821 வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆனால் அவர் அதற்கு முன் பல தடவை அதே ஊரில் எம்எல்ஏவாக இருந்தவர். முன்னணிக்குள் இருந்தபோது கட்டிய வீட்டில், வெளியே வந்த பிறகும் அவரே குடியிருந்தார்.

மூன்றாவது கிழக்கம்பலத்து டுவென்டி20. கைட்டெக்ஸ் நிறுவனத்தின் சமூகப் பொறுப்புத் திட்டத்திலிருந்து 2013இல் பிறந்தது. மலிவு விலை மளிகைக் கடை, வீடு, ரோடு. 2015இல், நம் பெண்கள் நல்லதண்ணியில் ஜெயித்த அதே தேர்தலில், கிழக்கம்பலம் பஞ்சாயத்தின் 19 வார்டில் 17ஐ எடுத்தது. 2020இல் நாலு பஞ்சாயத்து. 2021 சட்டமன்றத் தேர்தலில் எர்ணாகுளம் மாவட்டத்தில் எட்டுத் தொகுதியில் நின்றது. குன்னத்துநாட்டில் நாற்பதாயிரத்துக்கு மேல் வாங்கியும் மூன்றாம் இடம். எட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒரு கம்பெனி பின்னால் இருந்தும் சட்டமன்றக் கதவு திறக்கவில்லை என்றால், பணம் எல்லாம் இல்லை என்று வாதாடலாம். நான் வேறுவிதமாகப் படிக்கிறேன். கம்பெனிப் பணம் 650ஐ நாற்பதாயிரமாக்கும் அளவுக்கு வேலை செய்தது. மீதித் தூரத்தைத் தடுத்தது இரண்டு முன்னணி இருக்கும் ஊரில் வாக்காளர் போடும் கணக்கு. ‘நீ ஜெயிச்சு அங்க போய் யார்கிட்ட கேப்ப? ஒத்த ஆளா உட்காந்து என்ன பண்ணுவ?’ என்ற கேள்வி லயத்திலும் வரும், கிழக்கம்பலத்திலும் வரும். பஞ்சாயத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை, அங்கே ரோடு போட மந்திரி தயவு அவ்வளவாக வேண்டாம்.

அப்புறம் சந்தேகம். ‘ஓட்டைப் பிரிக்க யாரோ காசு கொடுத்து நிறுத்தியிருக்காங்க.’ இது வெறும் வம்புப் பேச்சு என்று தள்ளவும் முடியாது. 2004இல் ஆலப்புழாவில் வி.எம். சுதீரன் 1,009 வாக்கில் தோற்றார். சுதீரன் என்றே பெயருள்ள இன்னொருவர், வி.எஸ். சுதீரன் என்ற சுயேச்சை, 8 ஆயிரத்துக்கு மேல் வாங்கியிருந்தார். பெயரொத்த ஆளை நிறுத்துவது கேரளத்தில் ஒவ்வொரு தேர்தலிலும் பேசப்படும் விஷயம். அதனால் நேர்மையாக நிற்கும் சுயேச்சையையும் வாக்காளர் முதலில் ‘யாருடைய ஆள்’ என்றுதான் பார்க்கிறார். சொந்தப் பணம் இல்லாதவருக்கு இந்தக் கேள்வி இன்னும் கடுமையாக வரும்: காசு இல்லாதவள் ஜீப்பில் வருகிறாள் என்றால் ஜீப் யாருடையது?

ஐந்து சதவீத வாசல்

இரு கட்சி முறைக்குப் பெயர்போன அமெரிக்காவில் இதை வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். 1974 சட்டத் திருத்தத்தின்படி முந்தைய அதிபர் தேர்தலில் 25 சதவீதம் வாங்கியது பெரிய கட்சி, அதற்கு முழு அரசு நிதி. 5 முதல் 25க்குள் என்றால் சின்னக் கட்சி, விகிதப்படி நிதி. புதிய கட்சி என்றால் முதலில் சொந்தக் கையிலிருந்து செலவழித்து 5 சதவீதத்தைத் தாண்டிக் காட்டவேண்டும், பிறகு பணம். 1976இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாட்டை ஏற்றது. கோடீஸ்வரர் ராஸ் பெரோ 1992இல் சொந்தப் பணத்தை இறைத்து ஏறக்குறைய 19 சதவீதம் வாங்கினார். அதனால் 1996இல் அவருக்கு 2.9 கோடி டாலர் அரசு நிதி. அந்த முறை 8 சதவீதம் வந்ததால் அவர் தொடங்கிய ரிஃபார்ம் கட்சிக்கு 2000இல் 1.26 கோடி டாலர். அந்த வருஷம் கட்சி இரண்டுபட்டது, வேட்பாளர் பேட் புக்கனனுக்கு அரை சதவீதம்கூட வரவில்லை, நிதியும் அதோடு நின்றது. வாசலை முதல் தடவை தாண்ட ஒரு கோடீஸ்வரர் தேவைப்பட்டார் என்பதை மறக்கவேண்டாம்.

இந்தியாவில் அரசு நேரடியாகப் பணம் தருவதில்லை. 1998இல் இந்திரஜித் குப்தா கமிட்டி, பணமாக வேண்டாம், பொருளாகவும் வசதியாகவும் தரலாம் என்றது. அதுவும் அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு மட்டும், சுயேச்சைகளுக்குக் கூடாது என்றது. தொழிலாளர் இயக்கத்தில் வாழ்ந்த ஒரு கம்யூனிஸ்ட்டின் தலைமையில் அப்படி ஒரு பரிந்துரை வந்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது, காரணம் புரிந்தாலும்கூட. எல்லோருக்கும் கொடுத்தால் அரசு செலவில் பெயரொத்த ஆட்கள் பெருகுவார்கள்.

கோமதி பிறகு 2019இல் இடுக்கி மக்களவைத் தொகுதியிலும் நின்றார். தேவிகுளத்தைப்போல ஏழு சட்டமன்றத் தொகுதி சேர்ந்தது அது, செலவு வரம்பு 70 லட்சம். காங்கிரஸின் டீன் குரியாகோஸ் ஜெயித்தது 1,71,053 வித்தியாசத்தில்.

எதை மாற்றினால் கணக்கு மாறும்

கட்சி செலவுக்கு வரம்பு வேண்டும் என்பதைப் பல பேர் சொல்லியாகிவிட்டது. ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொள்ளவேண்டிய காரியம், நடக்கும்போது பார்க்கலாம். அதைவிடச் சின்னதாக, நடக்கக்கூடியதாக ஒன்று பிரிட்டனில் இருக்கிறது. நாடாளுமன்ற வேட்பாளர் ஒவ்வொருவரும் தன் தொகுதி வாக்காளர்களுக்கு ஒரு தடவை தேர்தல் கடிதத்தை இலவசத் தபாலில் அனுப்பலாம். அச்சுச் செலவு அவருடையது, தபால் செலவு அரசுடையது. வட்டவடைக்கும் மாங்குளத்துக்கும் ஜீப் போக முடியாத சுயேச்சையின் நோட்டீஸ் போஸ்ட்மேன் கையில் போகும். வரிக் கழிவையும் சின்ன நன்கொடைகளுக்கு மட்டும், கட்சி சுயேச்சை வித்தியாசமில்லாமல் கொடுக்கலாம்.

பெயரொத்த ஆள் பிரச்சினைக்கு என்ன செய்வது? யார் நிஜம், யார் ஏவிவிட்டவர் என்று பிரிக்க ஒரு அளவுகோல் வேண்டும், அது கையிலேயே இருக்கிறது: உள்ளாட்சி முடிவுகள். 2015 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் பெம்பிளை ஒருமைக்கு இருந்தார்கள். 2016இல் நின்ற எந்த டம்மி வேட்பாளரும் அதைக் காட்டியிருக்க முடியாது. ஆனால் 1968ஆம் வருஷத்துச் சின்னங்கள் ஒதுக்கீட்டு ஆணை, அங்கீகாரத்துக்குச் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல் கணக்கை மட்டுமே பார்க்கும். பஞ்சாயத்தில் வாங்கிய ஓட்டு அதற்குக் கணக்கே இல்லை. தொகுதிக்குள் பத்து வார்டோ ஒரு பிளாக் டிவிசனோ ஜெயித்த குழுவுக்கு, அந்தத் தொகுதியில் மட்டும், அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்குரிய வசதிகளைக் கொடுத்தால் என்ன குறைந்துபோகும்? பட்டியல் இலவசம், ஒரு முன்மொழிபவர் போதும், போன தேர்தலில் வாங்கிய அதே சின்னம், ஒரு இலவசத் தபால்.

இதில் ஒரு நிர்வாகச் சிக்கல் இருப்பது தெரியும். பஞ்சாயத்துத் தேர்தல் நடத்துவது அரசியல் சட்டத்தின் 243-கே பிரிவில் வரும் மாநிலத் தேர்தல் ஆணையம், சட்டமன்றத் தேர்தல் 324ஆவது பிரிவில் வரும் இந்தியத் தேர்தல் ஆணையம். ஒருவர் வைத்திருக்கும் சின்னப் பட்டியல் இன்னொருவரைக் கட்டாது. நல்லதண்ணியில் வாங்கிய ஓட்டு திருவனந்தபுரத்தில் ஒரு அலுவலகத்துக் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. டெல்லி அலுவலகம் அதைக் கேட்டு வாங்க ஒரு ஆணைத் திருத்தம் போதும், நாடாளுமன்றம்வரை போகவேண்டியதில்லை.